வயலில் முடிப்பதா, அறையில் வரைவதா, போட்டோவை வைத்தா: ஓராண்டு நிலக்காட்சி வேலைக்குப் பிறகு ஓர் ஒப்பீடு

நிலக்காட்சி வரைகிற யாரும் மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றின் பக்கம் சாய்ந்துதான் ஆகவேண்டும். இடத்துக்கே போய் உட்கார்ந்து, வெளிச்சம் மாறுவதற்குள் அங்கேயே படத்தை முடித்துவிட்டு எழுந்து வருவது ஒன்று. நம் ஓவியர்கள் ஸ்பாட் என்று சொல்வது இதைத்தான். இடத்தில் சின்னதாக ஸ்கெட்சும் குறிப்பும் எடுத்து வந்து, அறையில் நிதானமாகப் பெரிய தாளில் வரைவது இரண்டாவது. போட்டோ எடுத்து வந்து அதைப் பார்த்து வரைவது மூன்றாவது.

நான் வரைவது காவிரி டெல்டாவை. திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே உள்ள வயல், வாய்க்கால், படித்துறை, ஆற்று மணல். எல்லாம் நீர்வண்ணத்தில். கடந்த ஆண்டு மூன்று வழியிலும் மாறி மாறி வேலை செய்தேன். தை பிறந்ததும் அத்தனை தாள்களையும் எடுத்து, தேதிப்படி அடுக்காமல், வரைந்த முறைப்படி பிரித்து வைத்துப் பார்த்தேன். அடுத்த ஆண்டை எந்த முறையை நம்பி நடத்துவது என்று முடிவெடுக்க அது ரொம்பவே உதவியது. அந்த ஒப்பீடுதான் இது. மலையிலோ கடற்கரையிலோ வரைபவருக்கு முடிவு வேறாக இருக்கலாம். ஆனால் எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் நம் வெளிச்சம்

ஸ்பாட் வேலை பற்றி ஐரோப்பிய ஓவியர்கள் சொல்லிவைத்த யோசனைகளை அப்படியே இங்கே செயல்படுத்த முடியாது. அங்கே கோடையில் மாலை வெளிச்சம் மணிக்கணக்கில் நிற்கும். நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில். சூரியன் கிட்டத்தட்ட நேராக ஏறி நேராக இறங்குகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிவேளையில் நம் நிழல் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். நிழல் இல்லாத இடத்தில் நிலக்காட்சிக்கு எலும்பே இல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் வெளுத்துவிடுகிறது. தென்னை, வாழை, நெல் மூன்றும் ஒரே பச்சையாகத் தெரியும். ஆக, நமக்குக் கிடைப்பது விடிந்ததிலிருந்து எட்டரை வரை, அப்புறம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. இருட்டும் சட்டென்று வந்துவிடும்.

வெளிச்சத்தைப் போலவே நிலமும் வேகமாக மாறும். மார்ச்சிலிருந்து மே வரை ஆறு வெறும் மணல். வயல்கள் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அணையில் நீர் இருப்பைப் பொறுத்து அது முன்பின்னாகும். தண்ணீர் வந்து சேர்ந்த சில நாட்களில் நாற்றங்கால் பச்சை கண்ணைப் பறிக்கும். குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பச்சைகள் அடுக்கிக்கொண்டே போகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் மேகம், மார்கழியில் பனிமூட்டம், தையில் அறுவடைப் பொன்நிறம். அறுவடைக்குக் கொஞ்சம் முன்பே நெற்பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். கதிர் அறுத்த தாளுக்கு நடுவே புதிய பச்சை எட்டிப் பார்க்கும். ஒரே வயலுக்கு இத்தனை உடை. எந்த முறை இந்த மாற்றங்களைப் பிடிக்கிறது என்பதுதான் என் ஒப்பீட்டுக்கு முதல் அளவுகோல்.

வயலிலேயே முடிப்பது

பிரித்து வைத்ததில் ஸ்பாட் அடுக்குதான் கனமானது. கனம் என்றால் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாலே அது எந்த மாதம், எந்த நேரம் என்று தெரிகிறது. ஐப்பசி மேகம் வேறு, ஆடி மேகம் வேறு என்று அந்தச் சின்னத் தாள்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வேகமாக அடிக்கும். மேகங்கள் கிழிந்து ஓடும், அடியில் வெளிச்சம் இருக்கும். ஐப்பசி மேகம் கிழக்கிலிருந்து வந்து மொத்தமாகக் கவிந்து நிற்கும். ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறம். யோசித்து வரைந்தால் இந்த வித்தியாசம் வருவதில்லை. எதிரில் அது நடக்கும்போது கை தானாக அந்தப் பக்கம் போகிறது.

குறைகளும் அதே அடுக்கில்தான் அதிகம் தெரிகின்றன. கோட்டில் பிசகு, படித்துறையின் படிகள் ஒரு பக்கமாகச் சரிவது, முன்னால் இருக்கும் வரப்பு படத்தை இரண்டாக வெட்டுவது. ஒன்றரை மணி நேரத்தில் வானம், தூரத்து மரவரிசை, தண்ணீர், முன்தரை எல்லாவற்றையும் முடிக்கும்போது அமைப்பைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது.

பருவம் தரும் தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதம் காலை ஏழரைக்கு வானத்துக்கு வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசும் அடுக்கு, போட ஆரம்பித்தால், தூரிகை தாளின் பாதிக்கு வருவதற்குள் மேலே போட்டது காய்ந்துவிடும். காய்ந்த ஓரத்தில் கோடு விழும். இதற்கு நான் செய்வது: தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் பலகையின் மேல் ஒட்டிவிடுவேன். அடிப்பக்கத்து ஈரம் தாளை உள்ளிருந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். மரப்பலகை அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும், அக்ரிலிக் உறிஞ்சாது. பலகையைச் சாய்க்காமல் ஏறக்குறைய சமதளமாக வைத்துக்கொண்டால் இருபது நிமிடம் வரை ஈரத்தில் வேலை செய்யலாம். வாஷின் ஓரம் தாளில் ஊர்ந்து போவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், ஈரத்தின் பளபளப்பு போய் மங்கலாக மாறும் ஒரு நொடி தெரியும். தூரத்துத் தென்னைகளை வைக்க வேண்டியது அந்த நொடியில்தான். முன்னால் வைத்தால் வண்ணம் பரவி மரமே காணாமல் போகும். பின்னால் வைத்தால் கத்தரித்து ஒட்டியது போல நிற்கும்.

மார்கழியில் நேர் எதிர். ஆற்றோரம் பனி கவிந்திருக்கும்போது வாஷ் காய்வேனா என்கிறது. ஆறு மணிக்குப் போட்ட வானம் ஏழு மணிக்கும் ஈரமாகவே இருக்கும். அதற்குள் பனி விலகி, காட்சியே வேறாகிவிடும். அப்போதெல்லாம் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று காய்வதற்குள் இன்னொன்றில் கை வைப்பேன். பிரெஞ்சு ஓவியர் மோனே ரூவான் நகரத் தேவாலயத்தை 1892, 1893 ஆண்டுகளில் வரைந்தபோது பல கான்வாஸ்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். அவர் வேலை செய்தது எதிர்வரிசைக் கட்டிட ஜன்னல்களிலிருந்து. அந்தப் படங்களை ஷிவெர்னியில் இருந்த தன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்த்தான் முடித்தார். ஸ்பாட் வேலைக்கு அடையாளமாக எல்லோரும் காட்டுகிற ஓவியரே கடைசிக் கட்டத்தை அறையில் செய்திருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

குறிப்பெடுத்து வந்து அறையில் வரைவது

இந்த வழிக்கு மரபு ரொம்பப் பெரியது. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வைக்கோல் வண்டிப் படத்தை 1821இல் வரைந்தது லண்டன் ஸ்டுடியோவில். படத்தில் இருப்பதோ சஃபோக் கிராமத்து ஆறு. முன்பு நேரில் போய் எடுத்த சிறு ஆய்வுகளை வைத்துக்கொண்டு, முதலில் அதே அளவில் ஒரு முழு எண்ணெய் ஸ்கெட்ச் போட்டு, அதற்கப்புறம்தான் இறுதிப் படத்துக்குப் போனார். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் லண்டனின் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டும் தனித்தனியாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, பல தாள்களின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதி வைத்தார். அறையில் வரையப் போகிறவர் வெளியில் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

அதே காலத்து ஆங்கில ஓவியர் டர்னர் இன்னும் ஒரு படி மேலே. 1819இல் நேப்பிள்ஸில் இருந்தபோது, வெளியில் உட்கார்ந்து வண்ணத்தில் வரைய நேரம் போதாது, வண்ணத்தில் ஒன்று போடும் நேரத்தில் பென்சிலில் பதினைந்து பதினாறு போட்டுவிடலாம் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இன்னொரு ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1873 முதல் 1875 வரை இந்தியாவில் சுற்றி, தெற்கேயும் வந்தார். இடத்தில் பென்சிலில் வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே எழுதிவைத்து, பிறகு மையும் வண்ணமும் ஏற்றுவது அவர் வழக்கம்.

நம் தஞ்சைப் பெரிய கோயிலே இப்படி ஒருமுறை லண்டனுக்குப் போயிருக்கிறது. ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டுப் பயணம் வந்தார்கள். கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டியின் உதவியோடு இடத்தில் கோடுகளை எடுத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை நீர்வண்ணம் போலத் தோன்றும் 144 அக்வாடின்ட் அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள். அவற்றில் பெரிய கோயிலும் ஒன்று. கட்டிடத்தின் அளவும் அடுக்கும் அவ்வளவு கச்சிதம். வெளிச்சம் மட்டும் இங்கிலாந்து மாலை வெளிச்சம் மாதிரி மிருதுவாக இருப்பதாகத்தான் எனக்கு எப்போதும் தோன்றும். நம் ஊர் வெயிலில் அந்தக் கல் அப்படி இளகி நிற்காது.

என் அறை அடுக்கிலும் இதேதான் நடந்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரப்பு சரியான இடத்தில் திரும்புகிறது, கண் நேராக ஆற்றுக்குப் போகிறது, நிழலும் வெளிச்சமும் எடை பார்த்து வைத்த மாதிரி இருக்கின்றன. ஆனால் வானம் எல்லாவற்றிலும் ஒரே வானம். ஆவணியில் எடுத்த ஸ்கெட்சுக்கும் கார்த்திகையில் எடுத்த ஸ்கெட்சுக்கும் அறையில் என் கை ஒரே மேகத்தைப் போட்டிருக்கிறது. மேலே அல்ட்ராமரைன் நீலம், கீழே வர வர வெளுப்பு, நடுவில் அழகான ஒரு வெள்ளைத் திரள். பழகிய கை பழகியதைத்தான் செய்யும்.

இதற்கு மாற்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. குறிப்பின் தரத்தைக் கூட்ட வேண்டும். பென்சில் ஸ்கெட்ச் மட்டும் கொண்டுவந்து வரைந்த படங்கள்தான் மோசமாகத் தட்டையாகின. பென்சிலோடு உள்ளங்கை அளவு வண்ணத் துண்டு ஒன்றும் சேர்த்துக் கொண்டுவந்த இடங்களில் படம் உயிரோடு நிற்கிறது. வானத்துக்கு ஒரு பட்டை, தூரத்து மரத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, முன்தரைக்கு ஒன்று, அவ்வளவே. இருட்டு வெளிச்சத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணாகப் பக்கத்தில் எழுதிவிடுவேன். இன்னொன்றும் கவனித்தேன். அன்று மதியமே அறையில் ஆரம்பித்த படங்கள் ஒரு தரம், வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு ஆரம்பித்தவை ஒரு தரம். கண் பார்த்தது தூங்கி எழுந்தால் பாதி கரைந்துவிடுகிறது. குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை.

போட்டோவை வைத்து

போட்டோ பார்த்து வரைவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வெளியே போக முடியாத உடல்நிலை இருப்பவர்கள், பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள், தனியாக ஆற்றங்கரையில் உட்காரத் தயங்கும் பெண்கள் எல்லோருக்கும் அது ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. ஆனால் நம் போன் கேமரா என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணத்தில் பார்ப்பது. பக்கத்தில் இருக்கும் வரப்பு பெரிதாகும், தூரத்தில் இருக்கும் கோபுரமும் பனைவரிசையும் சுருங்கிப் புள்ளியாகும். நேரில் நம் கவனத்தை இழுத்தது அந்தப் பனைவரிசையாகவே இருந்திருக்கும். அதைப் படத்தில் தேட வேண்டியிருக்கிறது. அடுத்து, நிழல் கறுத்தால் போனே அதைத் தூக்கிவிடும், வானம் வெளுத்தால் அடக்கிவிடும். வெளிச்சமும் நிழலும் மோதிக்கொள்கிற இடத்தில்தான் நிலக்காட்சியின் உயிர் இருக்கிறது. போன் அந்தச் சண்டையைச் சமரசம் செய்து வைத்துவிடுகிறது. பச்சையை வேறு தன் இஷ்டத்துக்கு ஏற்றும்.

ஒரு நாள் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த வயலுக்குச் சொந்தக்காரர் வந்து நின்றார். முதியவர். எதிரே இருந்த வயலை அப்போதுதான் முடித்திருந்தேன். பையிலிருந்த இன்னொரு தாளையும் எடுத்துக் காட்டினேன். அதே வயல், அதே வாரம் எடுத்த போட்டோவைப் பார்த்து அறையில் போட்டது.

முதல் தாளைப் பார்த்துவிட்டு, "இது நட்டு நாலஞ்சு நாள் ஆன பயிரு தம்பி, இன்னும் வேர் பிடிக்கல" என்றார். இரண்டாவதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு வயலு?"

"இதே வயல்தான் ஐயா."

"அப்படியா? நல்லா யூரியா போட்ட மாதிரில்ல இருக்கு."

நடவு முடிந்த முதல் சில நாட்கள் நாற்று வாடி, மஞ்சள் கலந்த பச்சையாக நிற்கும். வேர் பிடித்தபின்தான் கரும்பச்சைக்குத் திரும்பும். எலுமிச்சை மஞ்சளில் கோபால்ட் நீலத்தைத் தொட்டும் தொடாமலும் சேர்த்து, துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பால் அதைத் தணித்தால் அந்த நிறம் வரும். போன் அந்த மஞ்சளைத் தின்றுவிட்டிருந்தது. நேரில் பார்க்கும்போது அந்த வாட்டத்தைக் கண் வாங்கிக்கொள்கிறது, பெயர் தெரியாவிட்டாலும் கூட. ஒரு விவசாயி பார்த்தவுடன் பயிரின் வயதைச் சொல்லும் படம் என்பது எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாராட்டு. அதனால் நிறத்துக்காகப் போட்டோவை நம்புவதில்லை என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

வடிவத்துக்கு அது உதவும். புஷ்ய மண்டபத் தூண்களின் இடைவெளி, பாலத்தின் வளைவு, டிராக்டர் சக்கரம், நாற்றுமுடி சுமக்கும் பெண்ணின் கை மடங்கும் விதம் போன்றவற்றை ஒன்றரை மணி நேரத்தில் கவனமாக வாங்க முடியாது. இவற்றுக்கு எடுக்கும் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டுப் பார்ப்பேன். நிறம் ஆசை காட்டாது.

எந்த வண்ணம், எந்தத் தாள்

முறையை முடிவு செய்தால் வண்ணமும் பாதி முடிவாகிவிடும். வெளியில் வேகமாக முடிக்க நீர்வண்ணத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. பெட்டி சட்டைப் பையில் அடங்கும், காய்ந்ததும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அக்ரிலிக்கை டெல்டா வெயிலில் முயன்றவர்களுக்குத் தெரியும். தட்டில் பிதுக்கிய வண்ணம் கலக்கும் முன்பே தோல் கட்டிவிடும். ஈரப்பஞ்சு வைத்த மூடித் தட்டில் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் காய்ந்தால் நிறம் ஒரு படி கறுக்கும் குணம் இருக்கிறது, அவசரத்தில் அதைக் கணக்குப் போட முடிவதில்லை. ஒளி ஊடுருவாத நீர்வண்ணமான குவாஷ் நல்ல இடைவழி. இருட்டின்மேல் வெளிச்சத்தை வைக்க முடிவதால், தண்ணீரில் மின்னும் கீற்றை வெள்ளைத் தாளாக விட்டுவைக்கும் கவலை கிடையாது. அதிலும் காய்ந்தபின் நிறம் மாறும், வெளிர் நிறங்கள் சற்றுக் கறுக்கும், கரு நிறங்கள் சற்று வெளிறும். உள்ளங்கை அளவு வண்ணக் குறிப்புக்குக் குவாஷே போதும் என்று தோன்றுகிறது.

எண்ணெய் வண்ணம் அறைக்கு அருமை. திருத்தலாம், சுரண்டலாம், மறுநாள் தொடரலாம். ஆனால் ஈரமான கான்வாஸைப் பேருந்தில் கொண்டுவருவது பெரும்பாடு, டர்பன்டைன் நெடி வீட்டில் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, வார்னிஷ் பூச ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு எண்ணெய் வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கிறேன்.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முழுப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாள், சற்றுச் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் அல்லது இன்னும் சொரசொரப்பான ரஃப். முழுத் தாள் 22க்கு 30 அங்குலம். அதைக் கால் தாளாக, அரைக்கால் தாளாக வெட்டிக்கொண்டால் செலவு தாங்கும். மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது சைசிங். தாள் வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமல் தடுக்கும் ஜெலட்டின் பூச்சு அது. ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து அது கெட்டுவிடும். பார்வைக்குத் தாள் புத்தம்புதிதாகவே இருக்கும். வாஷ் போட்டவுடன் ஆங்காங்கே மை உறிஞ்சும் தாள் போலப் புள்ளி புள்ளியாக வண்ணத்தைக் குடித்துவிடும், கழுவினாலும் போகாது. ஐப்பசிக்கு முன்பே தாள்களை ஜிப் பையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, இரும்பு பீரோவில் வைத்துவிடுங்கள். வண்ணப் பெட்டியையும் ஈரத்தோடு மூடினால் வண்ணத்தைப் பிணைக்கும் அரபுப் பிசினில் பூஞ்சை பிடிக்கும்.

நிறங்களில் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பைக் கைவிட்டுவிட்டேன். மாலை வானத்துக்கு அது ரொம்ப அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் மங்கும். அதைப் பூசிய தாளில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டிவைத்தால் சில மாதங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்த இடத்துக்குக் குவினாக்ரிடோன் வகைச் சிவப்புகள் வந்துவிட்டன. நாம் வரைந்த வானம் வாங்கியவர் வீட்டுச் சுவரில் வெளிறிப் போவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஊர் ஊராகவா, ஒரே இடமா

இதில் எனக்குப் பெரிய தடுமாற்றம் இல்லை. ஊட்டி, மாமல்லபுரம், ஹம்பி என்று குழுவாகப் போய் வரைவது மகிழ்ச்சியான அனுபவம், மற்றவர் கைவேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் புதிய இடத்தில் முதலில் வரைவது அந்த இடத்தின் அதிசயத்தைத்தான். இது மாமல்லபுரம் என்று படம் சொல்லிவிடும், அன்று காலை என்ன வெளிச்சம் என்று சொல்லாது. குடமுருட்டி ஆற்றின் கரையில் அதே வளைவில் திரும்பத் திரும்ப உட்கார்ந்ததில்தான், எது நிலையாக இருப்பது எது மாறுவது என்று எனக்குப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. வருடம் ஒரு வெளியூர்ப் பயணம் போதும்.

என் முடிவு

இனி வெளியில் பெரிய தாளைத் தொடப்போவதில்லை. காலை வெளிச்சத்தில் அரைக்கால் தாள் மட்டும். வானத்தையும் தண்ணீரையும் அங்கேயே முடித்துவிட வேண்டும், முன்தரையைக் குறிப்பாக விட்டால் போதும். தாளின் பின்னால் கான்ஸ்டபிள் செய்ததுபோல மாதம், நேரம், காற்றின் திசை. கூடவே பயிர் நட்டு எத்தனை நாள் என்பதையும் வயலில் இருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். அதே நாள் மதியம் அறையில் அரைத் தாளில் பெரிய படத்தைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்க முடியாத நாளின் ஆய்வு ஆய்வாகவே இருக்கட்டும், அதைப் பெரிதாக்க முயலமாட்டேன். கண்காட்சிச் சுவருக்குப் பெரிய படங்கள் தேவை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேவைக்காக வானத்தைக் கற்பனையில் நிரப்பினால் டெல்டாவை வரைகிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. போட்டோ, முன்பு சொன்னபடி, கட்டிடத்துக்கும் மனித அசைவுக்கும் மட்டும்.

மாதங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வெளியில் வண்ண வேலையைக் குறைத்துக்கொண்டு, மணலிலும் வெடித்த வயலிலும் பென்சில், கரி வேலை. நிறம் வெளுத்த காலத்தில் கோடு நன்றாக வரும். ஜூனில் தண்ணீர் வந்ததிலிருந்து வண்ணம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் வெளியே உட்கார முடியாத நாட்களில் ஏதாவது ஒரு மண்டபத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, மேகங்களை மட்டும் வரைவது. கடந்த ஆண்டில் எனக்கு மிகவும் குறைவாக இருப்பது மேகங்கள்தான், அறையில் வானம் ஒன்றுபோல ஆனதற்கும் அதுதான் காரணம்.

வேலைக்குப் போய்க்கொண்டே வரைபவர்கள், ஞாயிறு மட்டும் கையில் இருப்பவர்கள், இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஞாயிறு காலை வெளியில் இரண்டு சிறு ஆய்வுகள், மதியம் அதில் ஒன்றைக் கால் தாளில். வார நாட்களில் வீட்டு மாடியிலிருந்து வானத்தை மட்டும் பத்து நிமிடம். முழுப் படம் வேண்டாம், ஒரு பட்டை நிறம் போதும். வெளியே போகவே வழியில்லாமல் போட்டோவில்தான் வரைய வேண்டியிருந்தால், நீங்களே எடுத்த போட்டோவில் வரையுங்கள். எடுத்த இடத்திலேயே நின்று, பச்சையில் மஞ்சள் கூடுதலா நீலம் கூடுதலா, நிழல் எந்த அளவு கறுப்பு என்று போனிலேயே இரண்டு வரி தட்டி வைத்துக்கொள்ளுங்கள். வரையும்போது திரைக்கும் அந்த இரண்டு வரிக்கும் முரண்பாடு வந்தால், அந்த வரிகள் சொல்வதையே கேளுங்கள்.